மரக்காசில் முதல் வியாபாரம்

1

முதலில் என் மடைமையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால், அவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

இங்கே அமெரிக்காவில், எங்கள் ஊரில் கோடை காலத்தில் சனிக்கிழமைதோறும் விவசாயிகள் சந்தை கூடும். அதில் வங்கி அட்டை இழுக்கும் மெஷின் என் பொறுப்பு. இந்த வருடத்து முதல் சந்தையன்று மெஷினுக்குப் புது ரசீதுச் சுருள் போட்டேன். பொத்தானை அழுத்தினால் வெள்ளைக் கடுதாசி வருகிறது. ஓர் எழுத்துக்கூட இல்லை. இன்னொரு தரம் அழுத்தினேன். இன்னும் வெள்ளையாக வந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒலிபெருக்கியை எடுத்து, மெஷின் பழுதாகிவிட்டது, இன்றைக்கு ஒருவருடைய அட்டையும் எடுபடாது என்று சந்தை முழுக்க அறிவித்தேன். வரிசை கலைந்தது. தேன் விற்கிறவர் தலையில் கை வைத்தார். மெஷின் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர்கள் எனக்கு இசை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் கொழும்பில் வங்கியில், அதுவும் அட்டைப் பிரிவில் இருந்தவன், எனக்குக் கதைவிட வேண்டாம் என்று அந்த இசையிடமே சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் மகள் அபி வந்தாள். பதினாறு வயது. ஒரு கையில் ஐஸ்கிறீம். மற்றக் கையால் மெஷினின் மூடியைத் திறந்தாள், சுருளை எடுத்தாள், மறுபக்கம் திருப்பிப் போட்டாள், மூடினாள்.

"அப்பா, பேப்பர் அப்சைட் டவுன்."

அந்தக் கடுதாசியில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் எழுத்து விழுமாம். எங்கள் காலத்தில் வங்கியில் அட்டையை ஓர் இரும்புத் தட்டில் வைத்து, மேலே கார்பன் கடுதாசி போட்டு, கைபிடியை இழுத்துத் தேய்ப்போம். எப்பக்கம் போட்டாலும் எங்கேயாவது எழுத்து விழும், குறைந்தது சட்டைக் கையிலாவது.

மறுபடி ஒலிபெருக்கியை எடுத்து, ஆண்டவன் அருளால் மெஷின் சுகமாகிவிட்டது என்று அறிவித்தேன். சனம் கைதட்டியது. நான் குனிந்து வணக்கமும் சொன்னேன். வெட்கம் இருக்கிறவன் இந்த வேலைக்கு வரமாட்டான்.

2

இந்த வேலைக்கு நான் விண்ணப்பித்து வந்தவனல்ல. போன வருடம் பள்ளிக்கூடத்தில் ஏதாவது பொதுச்சேவை செய்ய வேண்டும் என்று சொல்ல, அபிதான் சந்தையில் பெயர் கொடுத்தாள். நான் அவளைக் காரில் கொண்டுவந்து இறக்குகிறவன். இரண்டு சனிக்கிழமை வந்தாள். மூன்றாவது சனிக்கிழமை படுக்கையை விட்டு எழும்பவில்லை. அவள் வரமாட்டாள் என்று சொல்லப் போன இடத்தில், சந்தையின் முகாமையாளர் டெபி என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, கதிரையில் இருத்திவிட்டார். டெபி சிரித்த முகம். சிரித்துக்கொண்டே சட்டம் சொல்வார், சிரித்துக்கொண்டே ஆளை வெளியே அனுப்புவார்.

வேலை என்னவென்று சொல்கிறேன், கேளுங்கள், எனக்கு இதைச் சொல்லும்போதே உற்சாகம் வருகிறது. கீரை விற்கிறவரும் பாண் விற்கிறவரும் ஆளுக்கொரு மெஷின் வைத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே சந்தையின் நடுவில் ஒரு கூடாரம். கூடாரத்தில் ஒரே ஒரு மெஷின். மெஷினுக்குப் பின்னால் அடியேன். கையில் காசில்லாதவர் என்னிடம் வந்து அட்டையை இழுப்பார். அதற்குச் சமமாக, மரத்தில் செய்த வட்டக் காசுகளைக் கொடுப்பேன். அதைக் கொண்டுபோய் எந்த மேசையிலும் சாமான் வாங்கலாம். சந்தை முடிய வியாபாரிகள் மரக்காசை என்னிடம் தந்து கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள்.

காசு இரண்டு நிறம். பச்சை, சாதாரண வங்கி அட்டைக்கு. சிவப்பு, உணவு உதவி அட்டைக்கு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்கென்று அரசாங்கம் மாதாமாதம் அந்த அட்டையில் காசு போடும். முன்பெல்லாம் அதைக் கொண்டு பெரிய கடைகளில்தான் வாங்கலாமாம். இப்போது எங்கள் சந்தையிலும் எடுபடுகிறது.

சிவப்புக் காசுக்குச் சட்டம் அதிகம். சாப்பாட்டுச் சாமான் மட்டும்தான் வாங்கலாம். மிச்சக் காசு கொடுக்கக் கூடாது. சிவப்புக் காசோடு வருகிறவரை மற்றவர்களைவிடக் குறைவாகவும் நடத்தக் கூடாது, கூடுதலாகவும் நடத்தக் கூடாது. இன்னொன்று: சூடான சாப்பாடு விற்கக் கூடாது, அதே சாப்பாடு ஆறிவிட்டால் விற்கலாம். இந்தச் சட்டத்தை எழுதியவர் வாழ்க்கையில் ஒரு நாளாவது சூடான உளுந்து வடை சாப்பிட்டிருக்க மாட்டார்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் சிநேகிதன் ஒருவன் தொலைபேசியில், "நீ அமெரிக்கா போய் மரக்காசு வச்சு விளையாடுறாய் எண்டு கேள்விப்பட்டன், உண்மையோ?" என்று கேட்டான். ஓம் மச்சான், உண்மை. சின்ன வயதில் புளியங்கொட்டை வைத்து விளையாடினோம், இது பதவி உயர்வு.

3

இப்போது ரீட்டாக்கா.

எங்கள் சந்தையில் தமிழ் கேட்கிற ஒரே மேசை அவருடையது. ஆள் கொழும்பு, கொட்டாஞ்சேனை. தேவாலயத் தெருமுனையில் பல வருடம் சோட்டீஸ் கடை வைத்திருந்தவர், ரோல்ஸ், பற்றிஸ், வடை என்று. கணவர் போனபிறகு மகன் இங்கே கூப்பிட்டுக்கொண்டான். மகன் வீட்டுப் பின்வளவில் முளைக்கீரை, புதினா, பச்சை மிளகாய் போட்டார். சேர்ச் சமையலறையில் அனுமதி எடுத்து வடை சுட்டார். இந்த வருடம் டெபி அவருக்கு ஒரு மேசை கொடுத்தார். பரீட்சார்த்தமாகத்தான். சரிவந்தால் நிரந்தரம், சரிவராவிட்டால் அந்த இடத்துக்கு மெழுகுதிரி செய்கிற ஒருவர் காத்திருக்கிறார்.

சரிவராமல் போகப் பார்த்தது. இரண்டாம் சந்தையில் ஒரு வயதானவர் விடியவே சிவப்புக் காசோடு வந்து கீரை கேட்டிருக்கிறார். ரீட்டாக்கா கையை ஆட்டி, "லேட்டர், லேட்டர்" என்று அனுப்பிவிட்டார். அவர் நேரே டெபியிடம் போனார். டெபி சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

நான் ரீட்டாக்காவிடம் ஓடினேன்.

"என்னக்கா இது? சிவப்புக் காசை எல்லா மேசையும் எடுக்க வேணும். அந்தச் சம்மதத்திலதானே மேசையே தந்தவை?"

"எடுக்க மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்? எடுப்பேன். ஆனா முதல் வியாபாரம் சல்லியிலதான் தம்பி. மரத்துண்டுல தொடங்கினா அன்னைக்கு முழுக்க நானும் மரம் மாதிரி நிக்க வேண்டியதுதான்."

எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கும். கொழும்பில் சந்தைக்குப் போனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் ஆள் கொடுத்த காசை வியாபாரி கண்ணில் ஒற்றுவார், சாமான்மீது ஒரு சுற்றுத் தட்டுவார், அதற்குப் பிறகுதான் அன்றைய நாளே தொடங்கும்.

ஆனால் டெபிக்கு விளங்க வேண்டுமே. விளக்குகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். அங்கேதான் பிழை நடந்தது. எங்கள் பண்பாட்டில் முதல் வாடிக்கையாளரின் கை மிக முக்கியம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன்.

"கையில் என்ன பார்க்கிறார்?" என்றார் டெபி.

"நல்ல கையா, கெட்ட கையா என்று."

டெபியின் சிரிப்பு நின்றது. நான் அவரைப் பார்த்த காலத்திலிருந்து அது நின்றதே இல்லை. சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். "கையைப் பார்த்து ஆட்களைப் பிரிக்கிறாரா?" என்று கேட்டார். நான் திருத்தப் போய், கை என்றால் கையல்ல, ராசி என்று சொல்லி, ராசி என்றால் நட்சத்திரம் என்று போய், கடைசியில் ரீட்டாக்கா வாடிக்கையாளர்களின் பிறந்த நேரம் பார்த்துக் கீரை விற்கிறார் என்ற அளவில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

தீர்ப்பு வந்தது: இன்னும் ஒரே ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினால் மேசை மெழுகுதிரிக்காரருக்கு.

நான் போய்ச் சொன்னபோது ரீட்டாக்கா வடைத் தட்டை மூடிக்கொண்டு நின்றார்.

"தம்பி, மகன் நல்லவன். மருமகளும் நல்லவ. ஆனா அவங்க காலையில போனா பொழுதுபட்டுத்தான் வருவாங்க. அந்த வீட்டுல சோபா இருக்கு, டீவி இருக்கு, நான் இருக்கேன். மூணும் ஒண்ணுதான். இங்கதான் யாராச்சும் எங்கிட்ட ‘இது எவ்வளவு’ன்னு கேக்குறாங்க." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மெழுகுதிரி நான் வாங்குற சாமான். அதுக்கு இடம் விட்டுக் குடுக்குறதா?" என்றார்.

4

என் சின்ன வயதில் வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு சிங்கள முதலாளி இருந்தார். பச்சைக் கீரைக் கட்டுகளைத் தண்ணீர் தெளித்து அடுக்கிவைத்திருப்பார். அம்மா என்னை விடியவே துரத்துவார், பிந்திப் போனால் வாடினதுதான் கிடைக்கும் என்று. நான் போய் நின்றால் முதலாளி எனக்கு விற்க மாட்டார்.

"மல்லி, டிக்கக் இந்தலா என்ன," என்பார். தம்பி, கொஞ்சம் பொறுத்து வா என்று அர்த்தம்.

காரணம் என் கை. ஒருநாள் நான் முதல் வியாபாரம் செய்தேன், அன்றைக்கு மழை கொட்டிக் கடைக்குள் வெள்ளம். அடுத்த முறை நான் முதல், அன்றைக்கு மதியமே ஊரடங்குச் சட்டம். ஊரடங்குக்கும் என் கைக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று நாட்டில் எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. ஆகவே நான் ஓரமாக நிற்பேன். பக்கத்து ஒழுங்கையிலிருந்து பாத்திமா டீச்சர் குடையோடு வருவார். முதலாளியின் முகம் மலரும். டீச்சர் கொடுத்த நோட்டை இரண்டு கண்ணிலும் ஒற்றி, தராசைத் தட்டி, கீரையைத் தட்டி, வெண்டிக்காயைத் தட்டி, பிறகுதான் என் பக்கம் திரும்புவார்.

டீச்சர் என்னைப் பார்த்து, "என்ன மகன், இண்டைக்கும் உங்கள நிப்பாட்டி வெச்சாரா?" என்று சிரிப்பார்.

கொம்பனித்தெரு, பொரளை எங்கே போனாலும் எனக்கு இந்தப் பயம் உண்டு. விடியக் கடை திறக்கும்போது உள்ளே போக மாட்டேன். யாராவது ஒருவர் எதையாவது வாங்கிக்கொண்டு வெளியே வரும்வரை வாசலில் விளம்பரம் வாசித்துக்கொண்டு நிற்பேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகுதான் முதல் ஆளாகக் கடைக்குள் நுழைந்தேன். கதவு தானாகத் திறந்தது. அதற்கு என் கையைப் பற்றித் தெரியாது.

5

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்திருக்க வேண்டும்? தூர நின்றிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு பிரமாதமான யோசனை வந்தது. சிவப்புக் காசுக்காரர் எவரும் வருமுன் நானே போய் ரொக்கம் கொடுத்து வாங்கிவிட்டால், முதல் வியாபாரம் முடிந்தது, சட்டமும் தப்பியது, மேசையும் தப்பியது!

அடுத்த சனிக்கிழமை சந்தை மணி அடித்த கையோடு போய் நோட்டை நீட்டினேன். ரீட்டாக்கா கண்ணில் ஒற்றினார், கீரையில் தட்டினார், சிலுவை போட்டார். நான் வெற்றியோடு கூடாரத்துக்குத் திரும்பினேன். திரும்பிக் கதிரையில் இருக்குமுன் ஒரு காற்று வந்தது. சந்தையில் நிற்கும் அத்தனை கூடாரங்களையும் விட்டுவிட்டு ரீட்டாக்காவின் கூடாரத்தை மட்டும் அது தூக்கியது. கூடாரம் தேன்காரரின் மேசைக்கு மேலால் பறந்து வாகனத் தரிப்பிடத்தில் போய் இறங்கியது. புதினா ஊரெல்லாம்.

நான் கூடாரத்தை இழுத்துக்கொண்டு வந்தேன். ரீட்டாக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க. உங்க கை எப்படி?"

முதலாளி கதையைச் சொன்னேன். ஊரடங்கையும் ஒளிக்கவில்லை.

"அட பாவி மனுசா! இதை முன்னமே சொல்ல வேணாமா? இனி எந்தச் சனிக்கிழமையும் சந்தை முடியும்வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க. வடை வேணும்னா ஆள் அனுப்புங்க."

6

மிஞ்சியது அபி. அவளுடைய கை எப்படியென்று யாருக்கும் தெரியாது, பரீட்சிக்கப்படாத கை. அடுத்த சனிக்கிழமை ஐந்து டொலர் நோட்டைக் கொடுத்து, மணி அடித்ததும் ரீட்டாக்காவிடம் போய் ஏதாவது வாங்கு என்றேன்.

"ஓகே அப்பா," என்றாள், காதில் பாட்டோடு.

மணி அடித்தது. அபியைக் காணவில்லை. டெபி கோப்பியோடு ரீட்டாக்காவின் மேசைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று வானத்தைப் பார்க்கிற மாதிரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கூடாரத்துக்கு முதல் ஆளாக ஓர் இளம் பெண் வந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை. உணவு உதவி அட்டை. குரலைத் தாழ்த்தி, இங்கே இது எடுபடும் என்று சொன்னார்கள், உண்மையா என்று கேட்டாள். எடுபடும் என்றேன். மெஷின் நல்ல பிள்ளையாக ரசீதும் தந்தது. சிவப்புக் காசுகளைக் கொடுத்தேன். குழந்தை கையை நீட்டியது. எந்தப் பக்கம்? நேரே ரீட்டாக்காவின் வடைத் தட்டுப் பக்கம்!

அபிக்குத் தொலைபேசி எடுத்தேன். பதில் இல்லை. மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் அந்தப் பெண், அவளுக்கு முன்னால் குழந்தையின் கை. எனக்குத்தான் அந்தப் பக்கம் போகத் தடை! நடுவழியில் நின்று கைகளை ஆட்டினேன். பெண் மேசைக்குப் போய்விட்டாள். சிவப்புக் காசை நீட்டினாள்.

ரீட்டாக்காவின் கை தானாக எழும்பியது. "லேட்டர்" என்றார். பழக்கதோஷம்.

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. முகம் மட்டும் சிவந்தது. மரக்காசை உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்தி, பொத்திய கையை அப்படியே சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு திரும்பினாள். டெபி கோப்பியைக் கீழே வைத்தார்.

ரீட்டாக்கா அந்தப் பொத்திய கையைப் பார்த்தார்.

"மகள்!" என்று கத்தினார். தமிழில்தான். "மகள், நில்லுங்க! வாங்க, இங்க வாங்க!"

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சந்தையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவளும் திரும்பினாள். ரீட்டாக்கா மேசையைச் சுற்றி வெளியே வந்து, அவளுடைய கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து, விரல்களை விரித்து, மரக்காசை எடுத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றினார். கீரையில் தட்டினார், பச்சை மிளகாயில் தட்டினார், சூடான வடைத் தட்டிலும் ஆறின வடைத் தட்டிலும் தட்டினார். நெற்றியிலிருந்து நெஞ்சுக்குச் சிலுவை போட்டார். பிறகு இரண்டு கட்டுக் கீரையும் ஆறின வடையும் கட்டி, மேலே ஒரு பிடி புதினாவும் வைத்துக் கொடுத்தார்.

"இப்போது என்ன நடந்தது?" என்றார் டெபி. நான் வாயைத் திறந்தேன். அதற்குள், காரில் தூங்கிவிட்டு வந்த அபி என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"முதல் ஆள்தான் அன்றைய நாளைத் திறந்து வைப்பவர்," என்றாள் ஆங்கிலத்தில். "அவருடைய காசை ஆன்டி ஆசீர்வாதமாக எடுக்கிறார். ஒரு நாளில் ஒரு ஆளுக்குத்தான் அது கிடைக்கும்."

அவ்வளவுதான். டெபி பேனையைத் தேடவில்லை, கண்ணைத்தான் துடைத்தார். நான் நட்சத்திரம் வரைக்கும் போய் வந்த விடயம் இது.

"உனக்கு இது எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"மல்லி கதைதானே அப்பா. எத்தனை தரம் சொல்லியிருக்கிறீங்க. நான் கேக்கேல்லை எண்டு நினைச்சீங்களா?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது.

7

அன்றைக்கு வெயில் ஏறுமுன் ரீட்டாக்காவின் மேசை காலி. கூடாரம் நின்ற இடத்தில் நின்றது. ஆறின வடைதான் முதலில் முடிந்தது என்பதை அவரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

சந்தை கலையும் நேரத்தில் டெபி புதினாவைப் பற்றிக் கேட்டார். சிவப்புக் காசுக்காரருக்கு மட்டும் கூடுதலாகக் கொடுக்கக் கூடாதே என்று. நான் மொழிபெயர்த்தேன்.

"மட்டுமா?" என்றார் ரீட்டாக்கா. "வர்ற எல்லாருக்கும்தானே ஒரு பிடி வைக்கிறேன். புதினாவுக்கு யாராச்சும் சல்லி வாங்குவாங்களா?" பிறகு டெபியின் பைக்குள்ளும் ஒரு பிடியைத் திணித்தார். டெபி சிரித்தார். மேசை நிரந்தரமானது. மெழுகுதிரிக்காரருக்கு என் அனுதாபம்.

கூடாரத்தை மடிக்கும்போது கேட்டேன். "ஏன் அக்கா கூப்பிட்டீங்கள்? முதல் வியாபாரம் சல்லியிலதான் எண்டு நிண்டீங்களே."

"எங்க அம்மா கூப்பன் காட்டை அப்படித்தான் பொத்திப் பிடிப்பாங்க தம்பி. கூப்பனுக்கு அரிசி குடுக்குற சங்கக்கடை மனேஜர் ‘அப்புறம் வா’ன்னு சொன்னதும், கைக்குள்ள பொத்திக்கிட்டுத் திரும்புவாங்க. நான் பக்கத்துல நிப்பேன்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "நான் அந்த மனேஜரா ஆகிட்டேன் பாருங்க, ஒரு நிமிசம்."

அந்தப் பெண்ணின் பெயர் மார்லீன். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் குழந்தையோடு வருகிறாள். என்னிடம் வாங்கிக்கொண்டு போகும்போதே பொத்தாத கையில் சிவப்புக் காசு தெரியும். அவள் வரும்வரை ரீட்டாக்கா தட்டின் மூடியைத் திறப்பதில்லை. அவள் கைராசி ஊரெல்லாம் பரவிவிட்டது. போன கிழமை தேன்காரர், அதிகாலையிலேயே என் கூடாரத்துக்கு வந்து, "அந்தப் பெண்ணை முதலில் என்னிடம் அனுப்ப முடியுமா?" என்று இரகசியமாகக் கேட்டார். எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது ஐயா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதிகாரம் என்றால் இதுதான்.

நேற்று சனிக்கிழமை, பல வருடங்களுக்கு முன் நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய அதே திகதி. வீட்டில் பாயாசம். எனக்கு ஓர் ஆசை வந்தது. வெள்ளவத்தையில் கிடைக்காதது, இங்கே ஒருமுறையாவது கிடைக்கட்டுமே என்று. மணி அடிக்குமுன்னே தலை வாரி, புது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, தடையை மீறி ரீட்டாக்காவின் மேசைக்குப் போனேன். மார்லீன் இன்னும் வரவில்லை. எனக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"அக்கா, காத்தே இல்லை பாருங்கோ. வானமும் வெளிச்சம். இண்டைக்கு நான் இந்த நாட்டுக்கு வந்த நாள். இண்டைக்கு மட்டும், ஒரே ஒரு தரம், முதல் வியாபாரம் நான் செய்யட்டே?"

ரீட்டாக்கா முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு கூடாரத்தின் நாலு காலையும் பார்த்தார். கடைசியாக, நோட்டை நீட்டிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார்.

"பின்னுக்குப் போங்க, தம்பி."